பெயர்ப்பலகை இல்லாத சிறுநீரகம்

டாக்டர் ஃபஹிமா தானே போன் செய்ததுதான் மங்கையர்க்கரசியை முதலில் பயமுறுத்தியது. நான்கு வருடங்களாக அந்த மருத்துவமனையிலிருந்து வருவதெல்லாம் பதிவு செய்த குரல்தான். ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள், மாத்திரை வந்திருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று அது சொல்லிவிட்டு வைத்துவிடும். இன்று டாக்டரே பேசினார்.

“மங்கை, மத்தியானம் வர முடியுமா? தனியா வாங்க. உங்க வீட்டுக்காரர் வேண்டாம்.”

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பருப்புச் சாதம் பிசைந்துகொண்டிருந்தவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

“கிட்னி போயிடுச்சா மேடம்?”

“அதெல்லாம் இல்ல. நேர்ல பேசுவோம்.”

பொன்மலைப்பட்டியிலிருந்து போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழவில்லை. வீக்கம் இல்லை. பிறகு எதற்கு? சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு கட்டிக் கிடந்த காலம் அவளுக்கு இன்னும் கனவில் வரும். கணவர் கருணாகரன்தான் தன்னுடைய ஒன்றைக் கொடுத்தார். ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். இருவருக்கும் ரத்தப் பிரிவு பொருந்தியது. மற்ற எதுவும் பொருந்தவில்லை. பழைய முறையில் என்றால் வைத்த சில வாரங்களிலேயே உடம்பு அதைக் கடித்துத் துப்பியிருக்கும். ஊதா மாத்திரை அப்போதுதான் வந்திருந்தது. அதை முதலில் சாப்பிட்டவர்களில் அவளும் ஒருத்தி.

டாக்டர் ஃபஹிமாவின் அறையில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் நிமிர்ந்து பார்க்காமலே பேசுகிற அந்த அம்மாள் இன்று எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

“உங்க ரிசல்ட் எல்லாம் ரொம்ப நல்லாருக்கு. அதுதான் பிரச்சனையே.”

“புரியல மேடம்.”

“மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னு அப்ப சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

“பலகைன்னு ஏதோ சொன்னீங்க.”

“ஆமா. ஒவ்வொரு செல்லும் தன் வாசல்ல ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருக்கும். இது யார் வீடு, உள்ள என்ன நடக்குதுன்னு அதுல இருக்கும். ரோந்து வர்ற வெள்ளணு அதைப் படிக்கும். பேரு நம்ம பேரா இல்லைன்னா இடிச்சுத் தள்ளிடும். பலகைங்கறது ஒரு புரதம். செல்லு ஒரு புரதம் வேண்டாம்னு முடிவு பண்ணினா அது மேல ஒரு சீட்டு ஒட்டும். சீட்டு ஒட்டினதை மட்டும் அரைச்சுத் தள்ள உள்ளேயே ஒரு மெஷின் இருக்கு. காய்ச்சல், புண்ணு, வீக்கம்னு உடம்பு கொதிக்கும்போது அந்த மெஷின் வேகமா ஓடும். பலகையும் அப்பதான் நிறைய மாட்டும், ரோந்துக்காரன் நல்லா பார்க்கட்டும்னு. நாங்க என்ன பண்ணோம்? அந்த நேரம் பார்த்து, பலகைக்கே சீட்டு ஒட்ட வெச்சோம். உங்களுக்கு வைக்கிறதுக்கு முன்னாடி அந்த கிட்னியை ஒரு திரவத்துல ஊற வெச்சோம்ல, அதனால மாத்திரை அதுல மட்டும் வேலை செய்யும். ரோந்துக்காரன் வர்றான், பலகை இல்ல, ஆள் இல்லாத வீடுன்னு போயிடறான்.”

“அதனாலதானே நான் உசுரோட இருக்கேன்.”

“ஆமா.” டாக்டர் மேசையைத் துடைப்பதுபோல் கையால் தடவினார். “பலகை இல்லாத வீட்டுல வேற யாராவது குடி வந்தா?”

“யாரு வருவா மேடம்?”

“ரொம்ப சாதாரண வைரஸ். நம்மள்ல பாதிப் பேருக்குச் சின்ன வயசுலயே வந்துட்டு, உடம்புக்குள்ளயே தூங்கிட்டு இருக்கும். ஒண்ணும் பண்ணாது. உங்க வீட்டுக்காரர் கிட்னியோடயே அது வந்திருக்கணும். வேற உடம்பா இருந்தா ரோந்துக்காரன் அடக்கி வெச்சிருப்பான். இங்க நாலு வருஷமா கேக்க ஆளில்லாம வளர்ந்திருக்கு. வளர வளர உருமாறியிருக்கு. உங்களுக்கு எந்தக் கெடுதலும் இல்ல. சிறுநீர்ல வருது, எச்சில்ல வருது. பெரியவங்க பிள்ளைங்க யாருக்குப் போனாலும் ரெண்டு நாள் சளி, அவ்வளவுதான்.” அவர் நிறுத்தினார். “கர்ப்பிணிகளுக்குப் போனா மட்டும், வயித்துல இருக்கற குழந்தைக்குப் போகுது.”

மங்கைக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன வருடம் கடைசியில் கீழத்தெரு ஷாலினிக்கு ஆறாம் மாதத்தில் கலைந்தது. பிறகு பால்காரர் மருமகளுக்கு. பங்குனியில் சௌமியாவுக்குப் பெண் பிறந்தது. காது கேட்கவில்லை என்கிறார்கள். மூவருடைய மூத்த பிள்ளைகளும் அவளிடம்தான் வருகின்றன. அவள் கையால்தான் சாப்பிடுகின்றன, அவள்தான் மூக்கைத் துடைத்துவிடுகிறாள். மூவரும் சத்துமாவு வாங்க வரும்போது அவள்தான் எடை பார்த்தாள்.

“உங்க பக்கத்துலருந்து இங்க வந்த மூணு பேருக்கும் ஒரே வைரஸ். அது உங்ககிட்ட இருக்கறதோட அச்சு அசலாப் பொருந்துது. நான் மேலே எழுதினேன். மூணு கேஸை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, தற்செயலா இருக்கலாம்னு பதில் வந்துச்சு. இந்த மாத்திரையை ஆயிரக்கணக்கான பேர் சாப்பிடறாங்க மங்கை. அவங்க கிட்னியில என்ன இருக்குன்னு பார்க்க யாருக்கும் ஆசை இல்ல.”

“மருந்து கொடுத்து அதைக் கொல்ல முடியாதா?”

“அடங்கும். நிறுத்தினா எழும். கொல்றது ரோந்துக்காரன் வேலை. அவனுக்குத்தான் வீடு தெரியலையே.”

“மாத்திரையை நிறுத்தினா?”

“பலகை திரும்ப வரும். வைரஸ் போயிடும்.” டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “கிட்னியும் போயிடும். நான் உங்களை நிறுத்தச் சொல்லலை. சொல்லவும் முடியாது. உங்களுக்குத் தெரியணும்னு கூப்பிட்டேன். உங்க வீட்டுல கர்ப்பிணி யாராவது இருக்காங்களா?”

“நாத்தனார் இருக்கா மேடம்” என்றாள் மங்கை.

கருணாகரனின் தங்கை தர்ஷினி இரண்டு மாதமாக அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு இரண்டு முறை கலைந்து மூன்றாவதாகத் தங்கியிருந்தது. எழுந்து நடமாடவே கூடாது என்று கரூர் டாக்டர் சொல்லியிருந்தார். கரூரில் புகுந்த வீட்டில் மாமனாரைத் தவிர ஆள் இல்லை. கணவன் கப்பலில் வேலை. தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அண்ணன் வீடுதானே. மங்கைதான் போய் அழைத்து வந்தாள்.

வீட்டுக்குப் போனதும் தர்ஷினி கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள். “அண்ணி, மாங்கா வாங்கிட்டு வந்தீங்களா?”

மறந்துவிட்டிருந்தாள். வாசலிலேயே நின்று, “நாளைக்கு வாங்குறேன் புள்ள” என்றாள். பிறகு கழிப்பறையைத் தேய்க்கத் தொடங்கினாள். கழுவினாள், மறுபடியும் கழுவினாள். கைத்தோல் வெள்ளையாகச் சுருங்கும்வரை சோப்புப் போட்டாள். தர்ஷினியின் தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டாள். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது, நேற்று தன் தட்டிலிருந்தே ஒரு வாய் ஊட்டியது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் ஏறி வந்தன.

டாக்டர் ரத்தம் எடுக்க ஒரு சிறிய பெட்டி கொடுத்திருந்தார். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு போய், “சத்து எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும், விரலை நீட்டு” என்றாள். தர்ஷினி சிரித்துக்கொண்டே நீட்டினாள். முகமூடி எதற்கு என்று கேட்டதற்கு, பிள்ளைகளிடமிருந்து சளி பிடித்திருக்கிறது என்று பொய் சொன்னாள்.

கருணாகரனிடம் அன்று மாலை மொட்டை மாடியில் சொன்னாள். அவர் துணி காயப்போட்ட கொடியைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“வேலையை விட்டுரு” என்றார் முதலில். “வீட்டுலயே இரு. தர்ஷினியை வேற எங்கயாவது வெச்சுப்போம். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“எத்தனை நாளைக்கு?”

“எத்தனை நாளானா என்ன? நான் சம்பாதிக்கிறேன்.”

“வீட்டுக்குள்ள இருந்தாப் போதுமா? நாளைக்குப் பக்கத்து வீட்டுப் புள்ள ஓடி வந்து மடியில உக்காரும். பஸ்ல பக்கத்துல ஒருத்தி உக்காருவா. எத்தனை பேர் வயித்தைப் பார்த்துப் பார்த்து நான் விலகி நடக்கறது?”

“தெரியாம நடந்ததுக்கு நீ என்ன பண்ணுவ?”

“இப்பத் தெரியும்ல.”

அவர் சட்டெனத் திரும்பினார். “அப்ப நிறுத்தப் போறியா? என்னை அறுத்து எடுத்து உனக்கு வெச்சது. அதை நீயே கொல்லப் போறியா மங்கை? திரும்ப அந்த மெஷின்ல உன்னை எத்தனை வருஷம் பார்க்கச் சொல்ற?” அவர் போட்ட சத்தத்தில் கீழே தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் முகத்தைக் கொடியில் கிடந்த துண்டில் அழுத்திக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மங்கை அங்கன்வாடிக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். தர்ஷினிக்குச் சமைத்துப்போட ஒரு அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டு, பின்கட்டு அறைக்குத் தன் படுக்கையை மாற்றிக்கொண்டாள். சளி இன்னும் விடவில்லை என்று சொன்னாள்.

தர்ஷினியின் ரத்தத்தில் அந்த வைரஸ் இல்லை என்று டாக்டர் போனில் சொன்னபோது மங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அந்த நிம்மதி தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. இதுவரை வந்திருந்தால் அது தெரியாமல் வந்ததாக இருந்திருக்கும். இனி வந்தால் தெரிந்தே கொடுத்ததாகும். ஊதா மாத்திரை காலையும் மாலையும் தொண்டையில் இறங்கும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டியது. விழுங்காமலும் இருக்க முடியவில்லை. பயம். மெஷினில் மூச்சு முட்டிக் கிடந்த நாட்களை நினைத்தால் கை தானாக மாத்திரையை எடுத்தது.

அப்படி இருந்தபோதுதான் சௌமியா வந்தாள்.

வெயில் சரியும் நேரம். இடுப்பில் கைக்குழந்தையோடு வாசல் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் மங்கை திடுக்கிட்டு, “அங்கயே நில்லு!” என்று கத்திவிட்டாள்.

சௌமியா கேட்டிலேயே நின்றுவிட்டாள். ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்த தர்ஷினி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“காது மெஷின் வாங்கறதுக்கு அங்கன்வாடியில ஒரு கையெழுத்து வேணும்னாங்க. நீங்க லீவுன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்.” சௌமியாவின் உதடு கோணியது. “நீங்களுமா டீச்சர்? எல்லாரும்தான் ஒதுங்குறாங்க. எம் புள்ளைய எந்த விசேஷத்துக்கும் கூப்பிடறதில்ல. நீங்க அப்படிப் பண்ண மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

“ஐயோ, அதில்ல சௌமியா.”

“நான் பப்பாளி தின்னேனாம். அதனாலதான் புள்ளைக்குக் காது போச்சுன்னு எங்க மாமியார் தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. அவரும் அதையே சொல்றாரு. ஒரே ஒரு துண்டு டீச்சர். அதுவும் பழம். நீங்களே சொல்லுங்க, ஒரு துண்டுல காது போகுமா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ராத்திரி எந்திரிச்சு உக்காந்து அதை எதுக்குத் தின்னேன்னு யோசிக்கிறேன்.”

குழந்தை அம்மாவின் வாய் அசைவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு லாரி காது கிழிகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. குழந்தை திரும்பவில்லை.

மங்கை திண்டாடினாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வேலை, வீடு, தெரு, ஜன்னலில் கேட்டுக்கொண்டிருக்கிற தர்ஷினி, எல்லாம் அவள் கண்முன் ஓடின. ஆனால் எதிரே நிற்பவள் செய்யாத தப்பைத் தின்றுகொண்டிருந்தாள்.

“பப்பாளி இல்ல சௌமியா. நீ ஒண்ணும் பண்ணல. அது என்கிட்டருந்து வந்துச்சு.”

டாக்டர் சொன்னதைத் தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னாள். பலகை, ரோந்து, வைரஸ், மாத்திரை. பாதியில் நிறுத்தவில்லை. முடித்தபோது தர்ஷினி வாசல்படிக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எழுந்து நடக்கவே கூடாத பெண்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“ஒரு வாரமா.”

“அன்னிக்கு விரல்ல ரத்தம் எடுத்தது சத்துப் பார்க்க இல்லையா?”

“உனக்கு வரல தர்ஷினி. டாக்டர் சொல்லிட்டாங்க. உனக்கு ஒண்ணும் இல்ல.”

“வந்திருந்தா?” தர்ஷினி இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். “வந்திருந்தா சொல்லியிருப்பீங்களா அண்ணி?”

தர்ஷினி உள்ளே போய் அண்ணனுக்குப் போன் செய்தாள். கருணாகரன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, கார் பிடித்து, பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்துக் கரூருக்கு அழைத்துக்கொண்டு போனார். மங்கை பின்கட்டிலேயே நின்றாள். கார் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

இவ்வளவும் நடக்கும்வரை சௌமியா போகவில்லை. கேட்டுக்கு வெளியே குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி நின்றிருந்தாள். மங்கை எட்டிப் பார்த்ததும், அழுகையும் கோபமும் கலந்த குரலில் சொன்னாள்:

“வாங்க டீச்சர். இதை எங்க மாமியார் முன்னாடி வந்து சொல்லுங்க.”

போனாள். சௌமியாவுக்குப் பின்னால் நாலடி தள்ளி நடந்து, அவர்கள் வீட்டு வாசலில் தெருவிலேயே நின்று சொன்னாள். மாமியார் கையில் முறத்தோடு வெளியே வந்தார். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். இரண்டாம் முறை சொல்வதால் வார்த்தை கொஞ்சம் தெளிவாக வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் வெகுநேரம் மருமகளையே பார்த்தார்.

“அப்ப பப்பாளி இல்லையா?” என்றார் கடைசியில்.

“இல்லம்மா.”

மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சௌமியாவின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் மங்கையைத் திட்டவில்லை. திட்டியவர்கள் தெருக்காரர்கள். கூட்டத்தில் யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். விடிவதற்குள் அது ஊர் முழுக்கப் போயிருந்தது.

மறுநாள் காலை கருணாகரன் எப்போதும்போல் ஊதா மாத்திரையையும் தண்ணீரையும் மேசையில் வைத்தார். மங்கை தண்ணீரை மட்டும் குடித்தாள். மாலையிலும் வைத்தார். அப்படியே பல நாள் வைத்தார். மாத்திரைகள் ஒரு சின்னக் கிண்ணத்தில் சேர்ந்துகொண்டே வந்தன. ஒருநாள் கிண்ணத்தையே காணோம்.

டாக்டர் ஃபஹிமா அவளை மருத்துவமனையில் தனி அறையில் சேர்த்துக்கொண்டார். இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றின் வலப்பக்கம், கருணாகரனின் சிறுநீரகம் இருந்த இடம், கல்லாக இறுகித் தொட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தது. உள்ளே பலகைகள் திரும்பவும் மாட்டப்பட்டுவிட்டன, ரோந்துக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று மங்கை கண்ணை மூடிக்கொண்டு நினைத்தாள். வைரஸ் நாளுக்கு நாள் குறைந்தது. சிறுநீரும் குறைந்தது.

கருணாகரன் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். “இத்தனை வருஷம் உள்ள இருந்தும் உன் உடம்புக்கு என்னை அடையாளம் தெரியாம இருந்துச்சு” என்றார். “இப்பத்தான் தெரிஞ்சுக்கிச்சு.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மங்கை அவர் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் படம் ஊரைத் தாண்டிப் போன பிறகு, தற்செயல் என்று பதில் எழுதிய மேலிடத்துக்காரர்களே மற்ற ஊர்களிலும் தேட வேண்டியதாயிற்று. தேடினார்கள். இன்னும் பல சிறுநீரகங்களில், சில கல்லீரல்களிலும், வேறு வேறு வைரஸ்கள் சத்தமில்லாமல் குடியிருந்தன. டாக்டர் ஃபஹிமாவிடம் முதலில் விளக்கம் கேட்டார்கள். அப்புறம் அந்தத் தேடுதலுக்கே அவரைப் பொறுப்பாகப் போட்டார்கள். ஊதா மாத்திரைக்காரர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீட்டு உரிமையாளர்கள் அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். பஸ்ஸில் யாராவது மாத்திரை எடுத்து விழுங்கினால் பக்கத்தில் இருப்பவர் அதன் நிறத்தைப் பார்த்தார். சிலர் மாத்திரையை நிறுத்தினார்கள். சிலர் ஒளித்து வைத்துச் சாப்பிட்டார்கள். மங்கைக்கு முகம் தெரியாதவர்களிடமிருந்து போன் வரும். பேசாமல் மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைப்பார்கள். சில பேர் அழுவார்கள். ஒரு பெண், “உனக்கு வேணாம்னா நீ செத்துப் போ, எங்களை ஏன் சாகடிக்கிற” என்றாள். மங்கை அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்ப அழைக்கத் தைரியம் வரவில்லை.

தர்ஷினிக்கு ஆண் குழந்தை பிறந்தது. காது, கண் எல்லாம் நன்றாக இருந்தன. தொட்டில் போட்ட அன்று கருணாகரனை மட்டும் அழைத்தார்கள். மங்கையின் உடம்பில் அந்த வைரஸின் சுவடே இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தும், கரூர்க்காரர்கள் கேட்பதாக இல்லை. குழந்தை கொட்டாவி விடுகிற ஒரு படத்தைத் தர்ஷினி அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் இல்லை. மங்கை அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் பழையபடி தொடங்கியது. அரசு மருத்துவமனையில் புதிதாக ஒரு கூடம் திறந்திருந்தார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்களே அங்கே அதிகம். மங்கை முகத்தை முந்தானையால் பாதி மூடிக்கொண்டுதான் போவாள்.

புரட்டாசியில் ஒருநாள் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு புது ஆள் வந்தார். பெரியண்ணன் என்று பெயர். முசிறிப் பக்கம், லாரி ஓட்டியவர். குழாய்களை மாட்டிவிட்டு நர்ஸ் நகர்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“நல்லா இருந்தேம்மா. லோடு ஏத்திக்கிட்டு மங்களூரு வரைக்கும் போயிட்டு வந்தேன். எவளோ ஒரு பால்வாடி டீச்சராம், பொன்மலைப்பட்டியாம். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னிக்கு நான் எதுக்கு இங்க படுத்துக் கெடக்கேன்? அவ நாக்கு அழுகணும்.”

மங்கை முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவர் நிறுத்தவில்லை. டீச்சருடைய அப்பா, அவளுடைய புருஷன், அவளுக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்தவன் எல்லாரையும் வரிசையாகத் திட்டினார். மறுமுறை வந்தபோதும் திட்டினார். அதற்கடுத்த முறை ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து அவர் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வயிற்றில் எட்டு மாதம் இருக்கும்.

“எம் பொண்ணு ஓவியா” என்றார் பெரியண்ணன். குரலே மாறிவிட்டது. “மொத பிரசவம்.”

மங்கை தன்னையறியாமல் மறுபக்கம் ஒடுங்கினாள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஓவியா அப்பாவுக்கு ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். அவர் தின்றுகொண்டே, “பதமா உக்காரு, வயித்தை மடக்காத” என்று அதட்டினார். அவள் வாளியில் கை கழுவப் போனபோது மங்கை மெதுவாகக் கேட்டாள்.

“மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னாங்கண்ணே? டாக்டரா?”

“யாரும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் என் கிட்னியில ஒண்ணு இருக்குன்னும் எவனும் உறுதியாச் சொல்லல.” அவர் கூரையைப் பார்த்தார். “அந்தப் படம் வந்துச்சு பாரு, அதைப் பார்த்துட்டு இவ போன்ல, ‘அப்பா, வளைகாப்பு முடிஞ்சு உங்க வீட்டுக்கு வரலை, தப்பா நெனைக்காதீங்க’ன்னா. பயந்து பயந்து சொன்னா. வெச்சுட்டு மாத்திரையைத் தூக்கிச் சாக்கடையில போட்டேன்.”

“நீங்களாத்தான் போட்டீங்க. அப்புறம் எதுக்கு அந்த டீச்சரைத் திட்டுறீங்க?”

“யாரையாவது திட்டணும்ல?” என்றார் அவர், கேள்வியே அபத்தம் என்பதுபோல. “நாலு மணி நேரம் சும்மா படுத்திருக்க முடியுமா? பெத்த புள்ளையைத் திட்டச் சொல்றியா?”

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் நிறைந்தது. முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள்.

“அந்த டீச்சர் நான்தாண்ணே.”

பெரியண்ணன் தலையைத் திருப்பினார். அவள் முகத்தை, படத்தில் பார்த்ததோடு ஒப்பிடுகிறவர்போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தார். கை துடைத்துக்கொண்டு வந்த ஓவியாவும் கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். மங்கை பார்வையை இறக்கிக்கொண்டு, வரப்போவதற்குக் காத்திருந்தாள்.

ஓவியா ஸ்டூலைத் தூக்கி இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். தூக்கின் மேல்தட்டைத் திறந்து மங்கைப் பக்கம் நீட்டினாள்.

“சாப்பிடுங்கக்கா. உப்பு போடல, உங்களுக்கும் ஆகும்.”

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணு சொல்லிட்டேன், திட்டுனது திட்டுனதுதான். வாபஸ் கெடையாது” என்றார். பிறகு, போய்க்கொண்டிருந்த நர்ஸைக் கூப்பிட்டார். “சிஸ்டர், அடுத்த வாரமும் எனக்கு இதே கட்டிலைப் போடுங்க. எட்ட இருந்து திட்டினா தொண்டை வலிக்குது.”